யாரும் தொடாத கணினி

முற்பகல் பத்து மணி நாற்பத்தேழு நிமிடம். அந்த இணையப் பக்கத்தில் ஐந்து பதினேழு என்றுதான் இருந்தது. அது கிறீன்விச் நேரத்தில் ஓடும் பக்கம். ஐந்தரையைக் கூட்டினால் எங்கள் நேரம் வரும். கணிதம் படிப்பிக்கிறவள் என்பதால் அந்தக் கூட்டலை நான் யோசித்துச் செய்வதில்லை. கண் ஐந்து பதினேழைப் பார்க்கும்போதே மனம் பத்து நாற்பத்தேழு என்று வாசித்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான் வாசித்தது. வாசித்து முடித்த பிறகுதான், அந்த வரி அந்த நேரத்தில் அங்கே இருக்கவே கூடாது என்பது உறைத்தது.

பாடசாலை மண்டபத்தில் வாணி விழா நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தரையில் இருந்து பாடினார்கள். மேடையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள், மிருதங்கம், அலுவலகப் பதிவேடுகள், ஆசிரியர்களின் பேனைகள் எல்லாவற்றையும் அடுக்கி வெள்ளைத் துணியால் மூடியிருந்தோம். மறுநாள் காலைவரை அவற்றை யாரும் தொடுவதில்லை. நான் பின்னால், தூண் மறைவில், தொலைபேசியைச் சேலை மடிப்புக்குள் பிடித்து அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தேன். ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு தடவை அப்படிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டிருந்தது.

எங்கள் வீட்டுக் கணினி ஒரு பொதியை முடித்து அனுப்பியிருந்தது. அதுதான் அந்த வரி.

வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம். பெரிய வானொலித் தொலைநோக்கி ஒன்று வானத்தின் இரைச்சலைப் பிடித்துத் தருகிறது. அந்த இரைச்சலுக்குள் தானாக உண்டாகாத ஒரு சத்தம், யாரோ வேண்டுமென்றே எழுப்பிய சத்தம், இருக்கிறதா என்று தேடுகிறார்கள். முழுவதையும் அலசிப் பார்க்க அவர்களிடம் உள்ள கணினிகள் போதாது. அதனால் இரைச்சலைச் சின்னச் சின்னப் பொதிகளாக வெட்டி, விரும்புகிறவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்காரர் பாவிக்காத நேரத்தில் அந்தக் கணினி பொதியை அலசி, விடையைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளும். கூலி கிடையாது. பெயர்ப்பட்டியலில் ஒரு வரி மட்டும் இருக்கும்.

இதில் சேர்ந்தது என் மகள். இருபது வயது. பௌதிகத்தில் பைத்தியம். எனக்கு அதை விளங்கப்படுத்தியபோது அவள் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது.

“நான் கதிரையில இரிந்தா அது படுத்திரும் அம்மா. நான் எழும்பினா அது எழும்பும். எங்கட வீட்டில முறை வச்சு வேலை செய்யிறது அது மட்டுந்தான்.”

“நான் செய்யிறது வேலை இல்லையா?”

“நீங்க ஓய்வே எடுக்கிறல்ல. அது வேற வருத்தம்.”

இரண்டு வருடங்களுக்கு முன்னர் உயர்தரப் பரீட்சை மண்டபத்தில், இரண்டாவது வினாத்தாளின் நடுவில், அவளுக்கு முதன்முதலாக வலிப்பு வந்தது. அதன் பிறகு மருந்து. நல்ல நித்திரை வேண்டும் என்றார் மருத்துவர். தண்ணீர், நெருப்பு, உயரம், இந்த மூன்றுக்கும் கிட்டத் தனியே போகக்கூடாது என்றார். கிளினிக்கில் இருந்த தாதி ஓர் அட்டை எழுதி எந்நேரமும் உடம்போடு வைத்திருக்கச் சொன்னார். மகளே எழுதினாள்: எனக்கு வலிப்பு வரும், பயப்படவேண்டாம், இடது பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், இந்த இலக்கத்துக்கு அழையுங்கள். கடைசியில் என் இலக்கம். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு அவளுடைய சின்னப் பணப்பையில் வைத்தோம்.

மறுபடி பரீட்சைக்குப் படித்தாள். வீட்டிலிருந்தே, கணினியில், காலை எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை வகுப்பு. வீடு பெரியகல்லாற்றில். நான் படிப்பிப்பது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில்; தினமும் மிதவையில் கடந்து போகவேண்டும். அவளுடைய அப்பா கட்டாரில். காலை ஆறு நாற்பதிலிருந்து பிற்பகல் மூன்று வரை வீட்டில் அவள் தனி. தொடக்கத்தில் மணிக்கொரு தடவை அழைத்தேன். ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“இன்னும் இப்பிடி அடிச்சீங்கெண்டா இந்தப் போனக் கொண்டுபோய் ஆத்துக்குள்ள போட்டிருவன். மத்தியானம் ஒருக்கா அடியுங்க. அவ்வளவுதான்.”

எங்கள் ஊரில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். ஒத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஓர் அழைப்பு.

ஆனால் முதல் பொதி முடிந்த அன்று, எனக்குக் காட்டுவதற்காக அவள் என் தொலைபேசியில் தன்னுடைய பக்கத்தைத் திறந்து வைத்தாள். மூட மறந்துவிட்டாள். நான் மூடவில்லை. சில நாட்களில் எனக்குப் பிடிபட்டது. எங்கள் பழைய கணினிக்கு ஒரு பொதி முடிய மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட வேண்டும். அத்தனை நேரமும் யாரும் அதைத் தொடாதிருக்க வேண்டும். பகலில் பொதி முடியவில்லை என்றால் அவள் கதிரையில் இருக்கிறாள், கணினியின் எலியைப் பிடித்திருக்கிறாள், எழுத்துகளைத் தட்டுகிறாள். பொதி முடிந்தால் கதிரை வெறுமை. இப்படித்தான் நான் ஒரு வருடமாக அவளை அழைக்காமலே அழைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் எனக்கு முகம் சுடுகிறது.

அன்று காலை ஏழு முப்பத்தொன்றுக்கு ஒரு பொதி முடிந்திருந்தது. அது சரி, இரவெல்லாம் ஓடியதன் மிச்சம். அடுத்தது பத்து நாற்பத்தேழு. இடையில் மூன்று மணித்தியாலம் பதினாறு நிமிடம். அதாவது எட்டு மணிக்கு வகுப்பு தொடங்கியபோது அந்தக் கதிரையில் யாரும் இருக்கவில்லை. ஒன்பதுக்கும் இல்லை. பத்துக்கும் இல்லை.

மண்டபத்தை விட்டு வெளியே வந்து அழைத்தேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எத்தனை தடவை என்று அப்போது எண்ணவில்லை.

பக்கத்து வகுப்பு ஆசிரியர் அவலும் கடலையும் கையில் வைத்துக்கொண்டு வந்தார். என் மகளின் தேடல் பற்றி ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும்.

“என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி? வேற்றுக்கிரகத்தான் பேசிட்டானா?”

நான் மறுபடி மகளின் இலக்கத்தை அழுத்தினேன்.

“வந்தாலும் படுவான்கரையிலதான் இறங்குவான். இஞ்சதான் வெளி இரிக்கு. மறுகா அக்கரைக்குப் போறதெண்டா அவனும் பாதை வருமட்டும் துறையில காத்துக் கிடக்கோணும்.”

வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். அவர் என் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்துவிட்டு மண்டபத்துக்குள் திரும்பிப் போனார்.

எதிர்வீட்டு அக்காவை அழைத்தேன். அவர் தையல்காரி, வீட்டிலேயே இருப்பவர்.

“என்ன கா, இந்த நேரத்தில?”

“அக்கா, ஒருக்கா எங்கட வீட்டப் பாருங்க. பிள்ளை போன் எடுக்கிறாள் இல்ல.”

“குளிக்கிறாளாக்கும்.”

“அரை மணித்தியாலமா அடிக்கிறன் அக்கா.”

தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. படலை திறக்கும் சத்தம், மணலில் அவர் நடக்கும் சத்தம், கதவில் தட்டும் சத்தம், எல்லாவற்றையும் நான் மாமரத்தின் கீழ் நின்று கேட்டேன்.

“முன் கதவு பூட்டு. யன்னலும் சாத்திக் கிடக்கு. உள்ளுக்க அந்த மிசின் இரையிறது மட்டும் கேக்குது.”

“கூப்பிடுங்க அக்கா. பலமாக் கூப்பிடுங்க.”

கூப்பிட்டார். அவருடைய குரல் எங்கள் வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பியது எனக்குக் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதுவரை என் மனதில் இருந்தது குளியலறையின் சீமெந்துத் தரை மட்டும்தான். அவள் அங்கே விழுந்து கிடக்கிறாள் என்று முடிவே செய்துவிட்டிருந்தேன். அப்போதுதான் செருப்பு நினைவுக்கு வந்தது.

“வாசல்ல செருப்புக் கிடக்கா எண்டு பாருங்க.”

மணலில் அவர் திரும்பி நடக்கும் சத்தம் கேட்டது.

“நீல ரப்பர் செருப்புத்தானே? காணல்ல கா.”

அதைக் கேட்டதும் ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. குளியலறையில் இல்லை. அடுத்த கணம் அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. தனியே வெளியே போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த இன்னோர் ஒப்பந்தம். எங்கள் ஒழுங்கையின் ஒரு முனை பெருந்தெரு. மறுமுனை ஆறு.

“நான் சைக்கிள எடுத்துக்கொண்டு பாக்கன்,” என்றார் அக்கா. “கலியாணச் சட்டை ஒண்டு கையில்லாமக் கிடக்கு. கிடக்கட்டும். நீ பதறாத.”

அரை மணித்தியாலம் கழித்து அவரே அழைத்தார். கோயிலடியில் இல்லை. கடையடியில் இல்லை. ஒழுங்கை முடிவில் ஆற்றங்கரையிலும் யாரும் இல்லை.

அதிபரிடம் போனேன். அரைநாள் விடுமுறை வேண்டும், பிள்ளையைக் காணவில்லை என்றேன். விண்ணப்பம் எழுதப் பேனை தேடிக் கைப்பைக்குள் துழாவினேன். அதிபர் கையை அசைத்தார்.

“விடுங்க டீச்சர், போங்க. லீவுப் புத்தகமும் பூசையில, உங்கட பேனையும் பூசையில. கையெழுத்த நாளைக்குப் போடலாம். இண்டைக்குத்தான் ஒருத்தரும் ஒண்டையும் தொடக்கூடாதே.”

அந்தச் சொல் என் காதில் விழுந்தது. நான் ஸ்கூட்டியின் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்று காலை வீட்டை விட்டு இறங்கும்போது, ஒரு கொப்பியையாவது சாமிக்கு முன்னால் வை என்று நானே மகளிடம் சொல்லியிருந்தேன். அவள் பல் விளக்கிக்கொண்டே, “கிளாஸ் இரிக்கு அம்மா. சரஸ்வதிக்கு அதெல்லாம் விளங்கும்” என்றாள். சாமி, பூசை எல்லாவற்றுக்கும் எதிராக வாதம் செய்கிற பிள்ளை. அதிபரின் சொல்லையும் என் வீட்டுக் கதிரையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பன்னிரண்டு இருபதுக்குத் துறைக்கு வந்தேன். பாதை அக்கரையில் நின்றது. வள்ளங்களைச் சேர்த்துப் பலகை அடித்து, மோட்டார் பூட்டிய மிதவை. எங்கள் பகுதியில் அதற்குப் பாதை என்றுதான் பெயர். தலைக்கு மேலே வெயில். துறையில் என்னைத் தவிர ஒருவர்தான் நின்றார். மோட்டார் சைக்கிளின் பின்னால் துணி மூட்டை கட்டிய காத்தான்குடி வியாபாரி. முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் அழைப்போம்.

மறுபடி பக்கத்தைத் திறந்தேன். அடுத்த பொதி எப்போது முடியும் என்று எனக்குத் தெரியும். பத்து நாற்பத்தேழோடு மூன்று பதினாறு. இரண்டு மூன்று. இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு ஒரு வரி வந்தால் அவள் இன்னும் திரும்பி வரவில்லை. வராவிட்டால் வந்துவிட்டாள், கதிரையில் இருந்துவிட்டாள். என் முழு நம்பிக்கையையும் ஒரு வரி வராமலிருப்பதில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தும் திரும்பத் திரும்பப் புதுப்பித்தேன். துறையில் அலைவரிசை பலவீனம். பக்கம் பாதி வந்து நிற்கும், பிறகு வெள்ளையாகிவிடும்.

பன்னிரண்டு நாற்பது போல, பக்கம் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஓர் அழைப்பு வந்தது. தெரியாத இலக்கம். அழைப்பு வந்தால் என் தொலைபேசியில் இணையம் நின்றுவிடும். துண்டித்தேன்.

பாதை வந்து சேர ஒரு மணிக்கு மேலாகிவிட்டது. ஏறினோம். பாதைக்காரர் என்னைத் தினமும் காண்பவர்.

“என்ன டீச்சர், இண்டைக்கு வெள்ளன? பிள்ளைகள் துரத்திவிட்டுட்டாங்களா?”

“கெதியாப் போங்க அண்ண.”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு யாருக்கும் காத்திருக்காமல் மோட்டாரை இழுத்தார்.

நடு ஆற்றில் மோட்டார் இருமியது. பிறகு நின்றது. மிதக்கிற களையான ஆற்றுவாழை மோட்டார் விசிறியில் சுற்றிக்கொண்டுவிட்டது. அந்த மாதம் தெற்கிலிருந்து காற்று அதைத் திட்டுத் திட்டாகத் தள்ளிக்கொண்டு வரும், மேலே ஊதாப் பூவோடு. பாதைக்காரர் சட்டையைக் கழற்றி, கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். நாங்கள் மெதுவாக வடக்கே நகர்ந்தோம். மோட்டார் சத்தம் இல்லாதபோது தண்ணீர் பலகையில் தட்டும் சத்தம் தனியாகக் கேட்டது. நான் தண்ணீரைப் பார்க்காமலிருக்க முயன்றேன். எங்கள் ஒழுங்கை முடிவில் இருப்பதும் இதே தண்ணீர்தான். அவள் அங்கே போயிருந்தால், விழுந்திருந்தால், அது இங்கிருந்து இரண்டு மூன்று மைல்தான். கண் தானாக மிதக்கிற ஒவ்வொன்றிலும் போய் நின்றது. ஒரு தென்னம் மட்டை. ஒரு வெள்ளைப் பொலித்தீன் பை.

ஒன்று முப்பதுக்கு அதே தெரியாத இலக்கம். பக்கம் முக்கால்வாசி வந்திருந்தது. துண்டித்தேன்.

துணி வியாபாரி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“தங்கச்சி, நானும் பாக்கன், துறையிலிருந்து அந்தப் போனையே குத்திக் கொண்டு நிக்கிறீங்க. யாருக்கும் சுகமில்லையா?”

“மகளைக் காணல்ல நானா. போன் எடுக்கிறாள் இல்ல.”

 மூட்டையின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். “அல்லாஹ் வச்சுக் காப்பான்,” என்றார், தண்ணீரைப் பார்த்தபடி.

இரண்டு மணி தாண்டியது. இரண்டு ஐந்துக்குப் புதுப்பித்தேன். வெள்ளை. இரண்டு ஆறுக்குப் பக்கம் வந்தது. மேலே புதிய வரி. எட்டு முப்பத்துமூன்று. இரண்டு மூன்று.

கணக்குச் சரியாகவே வந்திருந்தது. என் வாழ்க்கையில் ஒரு கணக்குப் பிழைக்கவேண்டும் என்று வேண்டியது அன்றுதான்.

அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி இருண்டது. மின்கலம் முடிந்துவிட்டது.

துணி வியாபாரி தன்னுடையதை நீட்டினார். “நம்பரச் சொல்லுங்க, நான் அடிக்கன்.”

எதிர்வீட்டு அக்காவின் இலக்கம் எனக்கு நினைவில் இல்லை. கட்டார் இலக்கமும் இல்லை. ஒரேயொரு இலக்கம்தான் மனப்பாடம். சொன்னேன். அவர் அழைத்துக் காதில் வைத்திருந்தார். “மணி போகுது,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “போகுது,” என்றார் மறுபடி. பிறகு எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பாதைக்காரர் கறுத்த வேர்க்குப்பை ஒன்றை எங்கள் காலடியில் எறிந்துவிட்டு ஏறினார். மோட்டார் மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

இரண்டு நாற்பதுக்கு வீட்டு வாசலில் நின்றேன். அக்கா படலையடியில், நாடாவைக் கழுத்தில் போட்டபடியே நின்றார். தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. என்னிடம் இருந்த மற்றத் திறப்பால் கதவைத் திறந்தேன். திறப்பு இரண்டு தடவை கீழே விழுந்தது.

குளியலறை, சமையலறை, என் அறை. ஒன்றும் இல்லை. அவளுடைய அறைக்குள் சந்தன வாசம்.

மேசையில் கணினி இரைந்துகொண்டிருந்தது. அதன் பெட்டியில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மேலே எங்கள் முற்றத்துச் செவ்வரத்தம் பூ ஒன்று. திரையை என்னுடைய வெள்ளைப் பருத்திச் சேலைத் துண்டால் மூடியிருந்தாள். எழுத்துப் பலகையையும் எலியையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து, அதற்கும் பொட்டு. பெட்டியின் காற்றுப் போகும் பின்பக்கத்தை மட்டும் திறந்து விட்டிருந்தாள். பக்கத்தில் கொப்பிகள், பேனைகள், கணிப்பான். எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ மினுங்கியது. கொப்பிகளை ஒதுக்கினேன். அவளுடைய தொலைபேசி.

திரையில் என் அழைப்புகளின் வரிசை. அதற்கெல்லாம் கீழே, காலை ஏழு நாற்பதுக்கு வந்த ஒரு செய்தி. வகுப்பு ஆசிரியர் எழுதியது: இன்று வகுப்பு இல்லை, எனது கணினியையும் பூசைக்கு வைத்துவிட்டேன்.

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் கத்தோலிக்கர்.

“இது என்ன கா, கம்பியூட்டருக்குமா?”

“வேலை செய்யிற சாமான் எல்லாத்துக்கும் அக்கா. நாளைக்கு விடியுமட்டும் தொடக்கூடாது.”

சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.  அவள் கதிரையில் இருக்கவில்லை, ஏனென்றால் அன்று அதில் இருக்கக்கூடாது. தொலைபேசியை எடுக்கவில்லை, ஏனென்றால் அதையும் வைத்துவிட்டாள். எங்கே போகிறேன் என்று ஒரு துண்டு எழுதி வைக்கவில்லை, ஏனென்றால் பேனையையும் வைத்துவிட்டாள். காலையில் என் மாணவர்களுடைய பேனைகளை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கியவள் நான். துணியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தேன். திரையில் நிறநிறமான கோடுகள் மலையும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருந்தன. யாரும் தொடாததால் அது காலையிலிருந்து ஒரு நிமிடமும் நிற்காமல் தேடிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தச் சிரிப்பும் போய்விட்டது. கணினிக்கு விளக்கம் கிடைத்தது. செருப்புக்குக் கிடைக்கவில்லை. மேசையோரம் சாய்த்து வைத்திருந்த சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு வெறும் வெள்ளித் தட்டு இருந்தது. பூ வைக்கிற தட்டு. செவ்வரத்தை கணினிக்குப் போதும். சரஸ்வதிக்கு வெள்ளைப் பூ வேண்டும். எங்கள் முற்றத்தில் வெள்ளைப் பூ இல்லை. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஊருக்குத் தெற்கே, வயல் வாய்க்கால் வந்து ஆற்றில் விழுகிற இடத்தில், உவர் குறைந்த தண்ணீரில் வெள்ளை அல்லி பூத்திருக்கும். சின்ன வயதில் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

“அல்லிக்குப் போயிட்டாள் அக்கா,” என்றேன்.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஸ்கூட்டியை நோக்கி ஓடினேன். அது கிளம்பவில்லை. பெற்றோலா, என் கையா, தெரியவில்லை. இப்போதும் வகுப்பில் நிற்கும்போது சுவர்க் கடிகாரம் பத்து நாற்பத்தேழைக் காட்டினால், என் பெருவிரல் ஸ்கூட்டியின் பொத்தானை அழுத்துவதுபோல் தானாக மடங்கும்.

ஒழுங்கையில் ஓட்டோச் சத்தம் கேட்டது. எங்கள் படலையடியில் நின்றது.

முதலில் இறங்கியது நான் அறியாத ஒரு பெண். என் வயதிருக்கும். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். கையெல்லாம் மீன் செதில், வெயிலில் மினுங்கியது. அவர் உள்ளே குனிந்து யாரையோ கைப்பிடித்து இறக்கினார். நீல ரப்பர் செருப்பு. ஒரு பக்கப் பாவாடை முழுதும் சேறு. நெற்றியில் ஒரு சிராய்ப்பு. நித்திரையால் எழுப்பியவள்போல் கண்கள் பாதி மூடியிருந்தன. மார்போடு ஒரு பிளாஸ்டிக் பேசினை அணைத்திருந்தாள். அதற்குள் வாடிய வெள்ளை அல்லி.

நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.   மகள் என் தோளில் தலையைச் சாய்த்து, “பூசைக்கு நேரம் போயிட்டா அம்மா?” என்று கேட்டாள். நாக்குத் தடித்திருந்தது.

அந்தப் பெண் இடுப்புச் செருகலிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்து, செதில் படாமல் ஓரத்தில் பிடித்து, என்னிடம் நீட்டினார்.

“கரையிலதான் விழுந்தவ கா. தண்ணிக்குள்ள போகல்ல. நாங்க பக்கத்தில வலையில மீன் கழட்டிக்கொண்டு இரிந்தம். இதில எழுதியிரிந்த மாதிரியே இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வச்சன், வாய்க்க ஒண்டும் வைக்கல்ல. மறுகா எங்கட மீன்வாடிக் குடிலுக்குள்ள நல்லா நித்திரை கொண்டவ. நான் விசிறிக்கொண்டு இரிந்தன். உங்கட நம்பருக்கு ரெண்டு தரம் அடிச்சன் கா. ரெண்டு தரமும் வெட்டிப் போட்டீங்க.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “ஏதும் வேலையா இரிந்தீங்களாக்கும்.”